தமிழ்ப்பள்ளிப் பயிற்றியும் பதிப்புரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பயிற்றி (பயிற்சிக் கையேடு) தயாரிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், டியூஷன் நடத்துபவர்கள், கோயில் வார வகுப்புக்குப் பாடம் எழுதுபவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விடைகள் மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தை (சட்டம் 332) ஒட்டியவை.

மூல ஆசிரியர் பெயரைக் கீழே போட்டுவிட்டால் போதும்தானே?

போதாது. பெரும்பாலான சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ‘இதைப் பயன்படுத்த எனக்கு உரிமை உண்டா?’ என்பது சட்டம் கேட்கும் கேள்வி. ‘இது யாருடையது என்று சொன்னேனா?’ என்பது நேர்மை கேட்கும் கேள்வி. ஒன்றுக்குச் சொன்ன விடை மற்றதற்கு ஆகாது.

கடையில் விற்கும் பயிற்சி நூலிலிருந்து 40 பக்கங்களை நகலெடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நூலின் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் அச்சிட்டுக் கொடுத்தால் அது கருத்துத் திருட்டு இல்லை. ஆனால் பதிப்புரிமை மீறல். பாரதியாரின் நான்கு வரிகளைப் பெயர் சொல்லாமல் உங்கள் கவிதைபோலப் போட்டால் பதிப்புரிமை மீறல் இல்லை. ஆனால் கருத்துத் திருட்டு. ஒரு படத்துக்குக் கீழே ‘நன்றி: கூகுள்’ என்று போடுவது இந்த இரண்டு கேள்விக்கும் விடை ஆகாது. கூகுள் தேடித்தான் கொடுத்தது, வரைந்தது வேறொருவர்.

சட்டம் எதைக் காக்கிறது? ஒரு பயிற்சியின் மாதிரியைப் பின்பற்றினாலும் தவறா?

எண்ணம், செய்முறை, கணிதக் கருத்து ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது. பின்னத்தை ரொட்டித் துண்டு காட்டி விளக்கும் முறையும், ‘பொருத்துக’, ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ போன்ற கேள்வி வடிவங்களும் யாருக்கும் சொந்தமில்லை. அந்த முறையை ஒருவர் எழுதிய சொற்கள், வரைந்த படம், தொகுத்த அமைப்பு ஆகியவைதான் காக்கப்படுகின்றன. ஆகவே ஒரு நூலில் பார்த்த உத்தியைக் கொண்டு உங்கள் சொற்களில் புதுக் கேள்வி எழுதலாம். எண்களை மட்டும் மாற்றிவிட்டுக் கதைக் கணக்கின் வாக்கியங்களை அப்படியே வைத்துக்கொள்வது புதுக் கேள்வி ஆகாது.

பணம் வாங்குவதில்லை, மாணவர்களுக்குத்தான் கொடுக்கிறோம். கல்விக்கு விலக்கு இல்லையா?

உண்டு, ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு அகலமானது இல்லை. சட்டத்தின் 13(2) பிரிவில் பல விலக்குகள் தனித்தனியாக உள்ளன. ஆய்வு, தனிப்பட்ட படிப்பு, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கான நியாயமான பயன்பாடு ஒன்று. வெளியான படைப்பிலிருந்து நோக்கத்துக்குத் தேவையான அளவு மேற்கோள் காட்டுவது இன்னொன்று. கற்பித்தலுக்கு எடுத்துக்காட்டாக ஒரு படைப்பைத் தொகுப்பிலோ ஒலிப்பதிவிலோ நிகழ்படத்திலோ சேர்ப்பது மற்றொன்று. கற்பித்தலுக்கும் மேற்கோளுக்கும் மூலத்தையும் ஆசிரியர் பெயரையும் குறிப்பிடுவது கட்டாயம்; பெயர் விடுபட்டால் விலக்கே போய்விடும்.

நியாயமானதா என்று தீர்மானிக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நான்கு அளவுகோல்களைச் சேர்த்தது: பயன்பாட்டின் நோக்கம் (வணிகமா, இலாப நோக்கற்ற கல்வியா என்பது உட்பட), மூலப் படைப்பின் தன்மை, எடுத்த அளவும் அந்தப் பகுதியின் முக்கியத்துவமும், மூலத்தின் சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு.

நடைமுறையில் கடைசி அளவுகோலை முதலில் பாருங்கள். ஒரு சிறுகதையிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, கருத்துணர் கேள்விகள் எழுதி, 30 மாணவர்களுக்குக் கொடுக்கிறீர்கள். அதனால் ஒரு பிரதியின் விற்பனைகூடக் குறையாது. அதே சிறுகதையை முழுமையாகத் தட்டச்சு செய்து டெலிகிராம் குழுவில் பிடிஎஃப்பாக விட்டால், அந்தத் தொகுப்பை வாங்க வேண்டிய காரணமே போய்விடுகிறது. ‘இலவசமாகத்தான் விட்டேன்’ என்பது அங்கே எடுபடாது. இலவசம் என்பதுதான் அங்கே ஆசிரியருக்கு விழும் அடி.

10 விழுக்காடு வரை எடுக்கலாம் என்கிறார்களே?

மலேசியச் சட்டத்தில் அப்படி ஓர் எண் இல்லை. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் விதிகளிலிருந்து இங்கே வந்து ஒட்டிக்கொண்ட நம்பிக்கை அது. 300 பக்க நாவலில் இரண்டு பக்கம் சிறிய அளவு. 12 வரிக் கவிதையில் 8 வரி பெரிய அளவு. ஒரு நூலின் விடைப்பகுதியோ சுருக்க அட்டவணையோ 3 பக்கம்தான் இருக்கும். ஆனால் அதற்காகத்தான் ஆட்கள் அந்த நூலை வாங்குகிறார்கள் என்றால் அந்த 3 பக்கமும் முக்கியப் பகுதிதான்.

பயிற்சி நூல் விலை அதிகம். வகுப்புக்கு ஒன்று வாங்கி போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுக்கலாமா?

கூடாது. எழுதிக் கிழித்துப் போடுவதற்கென்றே தயாரான நூல் அது. ஒவ்வொரு நகலும் ஒரு விற்பனையை விழுங்குகிறது. விற்பதற்காக மீறல் நகல் எடுத்தால் ஒவ்வொரு நகலுக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். டியூஷன் கட்டணத்தோடு ‘நோட்ஸ் கட்டணம்’ என்று தனியாக வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விலைதான் தடை என்றால் பதிப்பகத்திடம் மொத்த விலை கேளுங்கள், அல்லது குறிப்பிட்ட பக்கங்களுக்கு அனுமதி கேளுங்கள். கேட்பவர்கள் குறைவு என்பதால், கேட்டாலே சில பதிப்பகங்கள் இறங்கி வரும்.

அமைச்சின் பாடநூல் வேண்டுமென்றால் ஸ்கேன் செய்யவே தேவையில்லை. அமைச்சின் டெலிமா கற்றல் தளத்தில் மின்பதிப்பு இருக்கிறது. பக்க எண்ணைச் சொல்லி மாணவர்களை அங்கே அனுப்பினால் போதும்.

பழைய எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) தாள்களைப் பயன்படுத்தலாமா?

தேர்வுக்குக் கேள்வி அமைப்பதற்கும், அதை மாணவர்களிடம் கொடுப்பதற்கும், விடை எழுதுவதற்கும் சட்டத்தில் தனி விலக்கு உண்டு. உங்கள் அரையாண்டுத் தேர்வில் ஒரு பழைய கேள்வியைச் சேர்க்கலாம். பத்து ஆண்டுத் தாள்களைத் தொகுத்து, விடையோடு நூலாக்கி ஷாப்பியில் விற்பது தேர்வு நடத்துவது ஆகாது. அதற்கு அனுமதி வேண்டும்.

மலாய்ப் பயிற்றியைத் தமிழாக்கினால் அது என் படைப்புதானே?

பாதிதான். கணிதம், அறிவியல் பயிற்றிகள் தேசியப் பள்ளிகளுக்கு நிறைய கிடைக்கின்றன, தமிழில் குறைவு. அதனால் இது அன்றாடம் நடக்கிறது. மொழிபெயர்க்கும் உரிமை மூல உரிமையாளருடையது. அனுமதி பெற்று மொழிபெயர்த்தால் உங்கள் தமிழாக்கத்துக்குத் தனிப் பதிப்புரிமை கிடைக்கும், மூலத்தின் உரிமை அடியில் அப்படியே இருக்கும். அனுமதி இல்லாமல் செய்தால், எவ்வளவு அழகான தமிழாக இருந்தாலும் மீறல்தான். அந்தப் பயிற்றியை எழுதியவர் பெரும்பாலும் இன்னொரு பள்ளியின் ஆசிரியராக இருப்பார். ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலையை யாரும் செய்வதில்லை என்பதுதான் வியப்பு.

திருக்குறள், பாரதியார், பாரதிதாசன், மு.வ. உரை: எது எல்லாருக்கும் பொது?

மலேசியாவில் இலக்கியப் படைப்புக்கு ஆசிரியர் வாழ்நாளும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த சனவரி 1 முதல் 50 ஆண்டுகளும் காப்பு உண்டு. இந்தியாவில் அது 60 ஆண்டு. இந்தப் பத்தாண்டு இடைவெளியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

குறள் மூலத்துக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். பாரதியார் மறைந்தது 1921, எந்தக் கணக்கிலும் பொது. பாரதிதாசன் மறைந்தது 1964, இங்கே 2014 முடிவோடு காப்பு முடிந்தது. மு. வரதராசனார் மறைந்தது 1974 அக்டோபரில். அவருடைய திருக்குறள் உரை மலேசியச் சட்டப்படி 2024 டிசம்பர் 31 வரை காப்பில் இருந்தது. இந்தியக் கணக்கில் 2034 முடியும்வரை நீளும். ஆகவே ஈப்போ சாலையில் உள்ள பள்ளிக்கு அச்சிட்டுக் கொடுக்கும் பயிற்றியில் அந்த உரையைச் சேர்ப்பது ஒன்று, உலகம் முழுதும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றுவது வேறொன்று.

இன்னொரு நுணுக்கம். பாடல் பொதுவுடைமை ஆனாலும் அதை அச்சிட்ட பதிப்பின் பக்க அமைப்புக்கு, அந்தப் பதிப்பு வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த சனவரியிலிருந்து 50 ஆண்டு தனிக் காப்பு உண்டு. சமீபத்திய பாரதியார் தொகுப்பைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யக்கூடாது. கவிதையை நீங்களே தட்டச்சு செய்யலாம். பதிப்பாசிரியரின் முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருடையவை, அவற்றை விட்டுவிட வேண்டும். தட்டச்சு செய்ய நேரமில்லையென்றால் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை எடுக்கலாம். முன்பக்கக் குறிப்பைச் சிதைக்காமல் வைத்திருந்தால் கோப்பைத் தாராளமாகப் பகிரலாம் என்று அவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். நாம் பார்த்தவரை முதலில் வெட்டப்படுவது அந்தப் பக்கம்தான்.

திரைப்பாடல் வரிகளை இலக்கணப் பாடத்துக்கு எடுக்கலாமா?

உவமை விளக்க இரண்டு வரி மேற்கோள் காட்டி, பாடலாசிரியர் பெயரையும் படத்தின் பெயரையும் போடுங்கள்; சிக்கல் வராது. முழுப் பாடலை அச்சிடுவது வேறு. கண்ணதாசன் மறைந்தது 1981இல், அவருடைய வரிகளுக்கு இங்கே 2031 முடியும்வரை காப்பு இருக்கிறது. ஒரு பாடலில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என மூன்று தனி உரிமைகள் உள்ளன என்பதையும் மறக்க வேண்டாம்.

பள்ளி விழாவில் மாணவர்கள் பாடி ஆடுவதற்கு, நுழைவுக் கட்டணம் இல்லாமல் கல்வி நோக்கத்துக்கு இலாப நோக்கற்ற அமைப்பு நடத்தும் நிகழ்ச்சி என்ற வகையில் விலக்கு உண்டு. அதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினால் அந்த விலக்கு கூடவே வராது.

புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த படம், இணையத்தில் கிடைத்த படம்?

புலனத்தில் வந்ததைப் பயன்படுத்தாதீர்கள். அது ஐந்தாறு குழுக்களைத் தாண்டி வந்திருக்கும், மூலம் வழியிலேயே செத்துப்போயிருக்கும். யாரிடம் அனுமதி கேட்பது, யார் பெயரைப் போடுவது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

தேடுவதாக இருந்தால் கூகுள் படத் தேடலில் ‘கருவிகள்’ என்பதைத் தட்டி, ‘பயன்பாட்டு உரிமைகள்’ பகுதியில் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமத்தை, அதாவது படைத்தவரே நிபந்தனையோடு முன்கூட்டிக் கொடுத்துவிட்ட அனுமதியை, தேர்ந்தெடுங்கள். பிறகு படத்தின் மூலப் பக்கத்துக்கே போய் உரிமம் உண்மையாக அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். வடிகட்டி சில சமயம் தவறும். உரிமத்தின் எழுத்துகள் இப்படி: பிஒய் என்றால் பெயர் சொல்ல வேண்டும். எஸ்ஏ என்றால், மாற்றி வெளியிடுவதை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். என்சி என்றால் வணிகம் கூடாது. கட்டண டியூஷன் நூலுக்கு இதை எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. என்டி என்றால் மாற்றி வெளியிடக் கூடாது, மொழிபெயர்ப்பும் அதில் அடக்கம். படத்தில் இருக்கும் ஆங்கிலச் சொற்களை அழித்துத் தமிழ்ச் சொற்களைப் போடுவதும் மாற்றம்தான்.

தமிழ் விக்கிப்பீடியாவின் உரை பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமத்தில் உள்ளது. அதிலுள்ள படங்களுக்கு உரிமம் வேறாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

பெயர்க் குறிப்பை எப்படி எழுதுவது?

நான்கு கூறுகள் வேண்டும்: தலைப்பு, படைத்தவர், எடுத்த இடம், உரிமம். மாற்றம் செய்திருந்தால் அதுவும். பினாங்குக் கொடிமலை ரயிலின் படம் என்றால் இப்படி:

‘கொடிமலை ரயில்’, (எடுத்தவர் பெயர்), விக்கிமீடியா பொதுவகம், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0. ஓரம் வெட்டப்பட்டுள்ளது.

இதைப் படத்துக்கு அடியிலேயே 8 புள்ளி எழுத்தில் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் மொத்தமாகப் போட்டால், யாரோ அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுக்கும்போது பெயர் பின்தங்கிவிடும். அச்சுப்பிரதியில் இணைப்பு நீலமாகத் தெரிந்து பயனில்லை. முகவரியை எழுதுங்கள், இல்லையேல் கியூஆர் குறியீடு வையுங்கள்.

நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நூற்பட்டியலில் ‘வரதராசனார், மு.’ என்று திருப்பிப் போடத் தேவையில்லை. ‘மு. வரதராசனார்’ என்றே எழுதி ‘வ’ வரிசையில் வையுங்கள்.

குறளுக்கு எண் போதும், ஆனால் சரியான எண் வேண்டும். சரிபார்க்க எளிய வழி உண்டு. 391 என்றால் அதற்கு முன் 390 குறள்கள், அதாவது 39 அதிகாரங்கள் முடிந்துவிட்டன. ஆகவே அது 40ஆம் அதிகாரமான ‘கல்வி’யின் முதல் குறள். எண்ணும் அதிகாரமும் ஒத்துவராவிட்டால் எங்கோ பிழை.

ஜார்ஜ் டவுன் சுவரோவியங்களைப் பயிற்றியில் போடலாமா?

பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் நிலையாக உள்ள கலைப்படைப்பின் நகலை எடுக்கவும் பகிரவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் சக்காரெவிச் 2012இல் வரைந்த சைக்கிள் சிறுவர் ஓவியத்தை நீங்களே படமெடுத்து ‘படத்தைப் பார்த்து வாக்கியம் எழுதுக’ பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். ஓவியர் பெயரைப் போடுங்கள். சுற்றுலா இணையத்தளத்திலிருந்து அதே ஓவியத்தின் படத்தை எடுத்தால், அந்தப் புகைப்படக்காரரின் உரிமை குறுக்கே வரும். நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள், ஜார்ஜ் டவுனில் இருப்பவர்களுக்கு நடந்து போகிற தூரம்தான்.

சொற்களை மாற்றி எழுதினால் கருத்துத் திருட்டு இல்லையே?

மாற்றும் விதத்தைப் பொறுத்தது. மூலத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

‘அலையாத்தி மரங்களின் பின்னிய வேர்கள் அலையின் வேகத்தைக் குறைத்து, கடலோர மண் அரிக்கப்படாமல் காக்கின்றன.’

மாணவர் எழுதுவது: ‘அலையாத்தி மரங்களின் சிக்கலான வேர்கள் அலையின் விரைவைத் தணித்து, கரையோர மண் அரிக்கப்படாமல் பாதுகாக்கின்றன.’ சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார். எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. இது திருட்டுதான். கருத்துத் திருட்டில் அதிகம் நடப்பதும் இதுதான்.

நேர்மையான மறுகூற்று: ‘கடலோரத்தில் அலையாத்திக் காட்டை வெட்டிவிட்டால் மண் ஏன் கரைகிறது? அலையைத் தடுத்து நிறுத்த வேர்கள் இல்லாததால்தான் (நூலாசிரியர், ஆண்டு, பக்கம்).’ கருத்தை உள்வாங்கி, தன் பாடத்தின் தேவைக்குத் திருப்பி, மூலத்தையும் சொல்கிறார். வழி எளிது: மூலத்தைப் படித்து மூடி வையுங்கள், பார்க்காமல் எழுதுங்கள், பிறகு திறந்து தகவல் சரியா என்று மட்டும் பாருங்கள். எல்லாருக்கும் தெரிந்த செய்திக்கு மூலம் வேண்டாம். மலாயா 1957இல் விடுதலை பெற்றது என்பதற்கு அடிக்குறிப்பு போடுவது வீண் வேலை.

ஒப்புமை காட்டும் மென்பொருளின் விழுக்காட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேற்கோளும் நூற்பட்டியலும் சேர்ந்து எண்ணை ஏற்றும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த உரை பொருந்தாமல் எண்ணை இறக்கும்.

அனுமதிக் கடிதத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

நூலின் பெயர், பதிப்பு ஆண்டு, பக்க எண்கள், எத்தனை பிரதி, அச்சா மின்கோப்பா, விலை உண்டா, எவ்வளவு காலத்துக்கு, பெயர்க் குறிப்பு எப்படி வரும். இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ‘கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா ஐயா’ என்று கேட்டால் எதற்குச் சம்மதித்தார் என்று பின்னால் தெரியாது.

பதில் வராதது சம்மதம் ஆகாது. வாய்மொழிச் சம்மதமும் போதாது. பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பதோ, பயன்படுத்த உரிமம் கொடுப்பதோ எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. தொலைபேசியில் ‘சரி’ என்றால் அன்றே மின்னஞ்சலில் அதை எழுதி அனுப்பி, ‘ஆம்’ என்ற பதிலை வாங்கி வையுங்கள்.

நான் எழுதிய பயிற்றி யாருக்குச் சொந்தம்? படம் வரைந்து கொடுத்தவருக்கு?

வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குப் போகும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். டியூஷன் மையத்தில் சம்பளத்துக்குப் பாடம் எழுதிவிட்டு, விலகும்போது கோப்புகளோடு போக முடியாது. காசு கொடுத்து வரையச் சொன்ன படத்தின் உரிமையும், மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், சொன்னவருக்கே போகும். ஓவியர்கள் பலருக்கு இது தெரியாது. பின்னால் மனக்கசப்பு வரும். இரண்டு வரி ஒப்பந்தத்தை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

மாணவர் வரைந்த படம் மாணவருடையது. பயிற்றி அட்டையில் போடப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள்.

ஏஐ எழுதிக் கொடுத்ததை?

சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். இல்லாத நூலுக்குப் பக்க எண்ணோடு மேற்கோள் தரும். யாரும் எழுதாத வெண்பாவை ஔவையார் தலையில் கட்டும். மூலத்தைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாத மேற்கோளை நீக்கிவிடுங்கள். எந்தப் பகுதிக்குக் கருவியைப் பயன்படுத்தினீர்கள் என்பதை முன்பக்கத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள்.

எழுத்துருவுக்கும் உரிமம் உண்டா?

உண்டு. விற்பனை நூலுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களை எடுத்தால் கவலையில்லை.

பயிற்றி பரவிய பிறகு உள்ளே பிறருடைய பக்கம் இருப்பது தெரிந்தால்?

முதலில் மூலக்கோப்பை நீங்கள் பகிர்ந்த இணைய இயக்ககத்திலிருந்து (டிரைவ்) நீக்குங்கள். இணைப்பு செத்தாலே பாதிப் பரவல் நின்றுவிடும். அந்தப் பக்கத்தை மாற்றி, அட்டையில் ‘திருத்திய பதிப்பு’ என்றும் மாதத்தையும் போட்டு, பழையது போன அதே குழுக்களில் காரணத்தோடு பகிருங்கள். உரிமையாளருக்கு நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள். எத்தனை பிரதி போயிற்று, விற்பனை உண்டா, இப்போது என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்ற வரியை விட்டுவிடுங்கள்.

என் பயிற்றியை யாரோ அட்டையை மாற்றி விற்கிறார்கள். என்ன செய்வது?

பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே வந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஐபிஓவில் 2012 முதல் தன்னார்வ அறிவிப்பு முறை உள்ளது. கட்டணம் கட்டிப் படைப்பைப் பதிந்து வைக்கலாம். சத்தியப் பிரமாணமும் உதவும். இவை இல்லாவிட்டால் தேதியுள்ள வரைவுக் கோப்புகள், அச்சகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றை அழிக்காமல் வையுங்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெயர், ஆண்டு, உரிமம் மூன்றையும் போடுங்கள். பகிரலாம், விற்கக்கூடாது என்பது உங்கள் விருப்பமானால் ‘சிசி பிஒய்-என்சி 4.0’ என்று எழுதினால் போதும். விற்பவரைக் கண்டால் பட்டியலின் திரைப்பிடிப்பு, விலை, தேதி ஆகியவற்றோடு ஒரு பிரதியை வாங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விற்பனைத் தளத்தின் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். அவர் நீக்க மறுத்தால் வழக்கறிஞரின் கடிதம். நீதிமன்றம் வரை போனால், இழப்பை எண்ணிக் காட்ட முடியாதபோதும் ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரை சட்டப்படியான இழப்பீடு கேட்கலாம்.